கிங் ஏர்ல பார்ட் டைம் கோ-பைலட், நாளுக்கு 250 டாலர்: இது நியாயமான சம்பளமா?

வலதுசீட்_டல்லாஸ்:
எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கேன், ஐடி வேலை, க்ரீன் கார்டு வந்தாச்சு. கமர்ஷியல் லைசன்ஸ்ல மல்டி இன்ஜின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் ரெண்டும் இருக்கு, வீக்எண்ட்ல சிஎஃப்ஐயா, அதாவது பறக்கக் கத்துக்கறவங்களுக்கு வாத்தியாரா, சொல்லிக் கொடுக்கறேன், லாக்புக்ல 900 மணி நேரம் தாண்டிருச்சு. அதே ஏர்போர்ட்ல ஒரு சின்ன சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனி ஒரு கிங் ஏர் பி200 (ரெண்டு இன்ஜின் டர்போப்ராப்), ஒரு சைட்டேஷன் 5 (சின்ன ஜெட்) வச்சு ஓட்டறாங்க. அவங்க சீஃப் பைலட் மாசத்துல நாலஞ்சு நாள் கிங் ஏர் வலது சீட்டுக்கு வர்றியான்னு கேட்டாரு, நாளுக்கு 250 டாலர், 1099ல, அதாவது கம்பெனி ஊழியரா இல்லாம கான்ட்ராக்ட்ல, குடுப்பாங்களாம். கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு சொன்னதுக்கு "உனக்கு லாக்புக்ல டர்பைன் இன்ஜின் மணி நேரம் சேருதே, அதுவே பெரிய சம்பளம்தானே"ன்னுட்டாரு. சரின்னு சொல்லலாமா, கூட கேக்கலாமா? கேட்டா வாய்ப்பே போயிருமோன்னு பயமாவும் இருக்கு. இந்த வேலை பாக்கறவங்க யாராவது சொல்லுங்க.

கிங்ஏர்_கேப்டன்:
தம்பி, மொதல்ல அந்த 250ஐ நாள் கணக்குல வச்சுப் பாருங்க. சார்ட்டர்னா காலைல 5 மணிக்கு ஏர்போர்ட், பாசஞ்சர எங்கயோ ஒரு சின்ன ஊர்ல இறக்கிட்டு எஃப்பிஓ (தனியார் விமானங்களுக்கான டெர்மினல்) சோபாவுல சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கறது, ராத்திரி 7 மணிக்குத் திரும்பறது. பறந்தது மொத்தமே ரெண்டரை மணி நேரம்தான் இருக்கும் ஆனா 14 மணி நேரம் உங்க நாள் அவங்க கையில. மணிக்கு 18 டாலர் கூட வராது. அதுலயும் 1099ங்கறதால செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸ் 15.3 சதவீதம் உங்க தலையிலதான், 250ல 35 டாலர் கிட்ட அப்பவே போயிரும், வருமான வரி தனி.

நான் வலது சீட்டுக்கு ஆள் கூப்பிட்டா கிங் ஏருக்கு 450லருந்து 500 வரைக்கும் தர்றேன், சைட்டேஷன்னா 700. அது எங்க ஓனர் தர்ற ரேட், ஊருக்கு ஊர் மாறும். ஆனா எந்த ரேட்டா இருந்தாலும் அரை நாள்னு ஒண்ணு கிடையாதுன்னு மொதல்லயே பேசிருங்க. காலைல வரச் சொல்லிட்டு ட்ரிப் கேன்சல்னு மதியம் அனுப்பினாலும் அது முழு நாள், ஏன்னா அந்த நாள நீங்க வேற யாருக்கும் குடுக்க முடியாது. நைட் ஸ்டேன்னா ஹோட்டல், சாப்பாடு, கார் எல்லாம் அவங்க செலவு, அது 250க்குள்ள அடங்காது. பாசஞ்சர் இல்லாம வேற ஊருக்கு ஏர்லைன்ல போய் விமானத்த எடுக்கற நாளும் சம்பள நாள்தான்.

ஹூஸ்டன்காரன்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் ப்ரோ. நானும் 1000 மணி நேரம் இருந்தப்ப கம்மிக்குத்தான் போனேன், செஸ்னா 172ல சுத்திச் சுத்தி வர்றத விட ப்ரஷரைஸ்ட் விமானத்துல நல்ல கேப்டன் பக்கத்துல உக்காந்து மெக்சிகோ பார்டர் பக்கம் இடி மேகத்த எப்படி சுத்திப் போறதுன்னு பாக்கறது வேற படிப்பு. ஏடிபிக்கு (ஏர்லைன் பைலட் லைசன்ஸ்) 1500 மணி நேரம் வேணும், உங்களுக்கு இன்னும் 600 பாக்கி. முதல் மூணு மாசம் 300க்கு ஒத்துக்கிட்டு அப்பறம் ஏத்தச் சொல்லுங்க. ஆனா அந்த மூணு மாசம்ங்கறத எழுதி வாங்கிக்கங்க.

லாக்புக்_லட்சுமி:
இங்க யாருமே கேக்காத கேள்விய நான் கேக்கறேன், அந்த மணி நேரம் உங்க லாக்புக்ல ஏறுமா? சீஃப் பைலட் அதத்தானே சம்பளம்னு சொல்றாரு.

பி200 ஒரே பைலட் ஓட்டலாம்னு சர்டிஃபை ஆன விமானம், எடை 12,500 பவுண்டுக்குள்ள வர்றதால டைப் ரேட்டிங்கும் (அந்த மாடலுக்குன்னு தனி அனுமதி) வேண்டாம். பாசஞ்சர் இல்லாம காலியா போற லெக் (ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊர் வரைக்குமான பறப்பு) பெரும்பாலும் பார்ட் 91ல (சார்ட்டர் இல்லாத சாதாரணப் பறப்புக்கான ரூல்) போகும், அங்க கோ-பைலட் தேவையே இல்ல, அதனால நீங்க சும்மா உக்காந்திருந்தா எஸ்ஐசின்னு (கோ-பைலட் நேரம்) ஒரு நிமிஷம் கூட எழுத முடியாது. நீங்களே கண்ட்ரோல பிடிச்சு ஓட்டினா மல்டி ரேட்டிங் இருக்கறதால ஓட்டின நேரத்த பிஐசின்னு (கேப்டன் நேரம்) எழுதலாம், அது உண்மை, ஆனா கேப்டன் குடுக்கணுமே. பார்ட் 135ல (சார்ட்டருக்கான ரூல்) பாசஞ்சரோட ஐஎஃப்ஆர் (வெளிய பாக்காம கருவிகள நம்பிப் பறக்கற முறை) போகும்போது ரெண்டாவது பைலட் வேணும்னு ரூல் இருக்கு, ஆனா ஆட்டோபைலட்ட வச்சு ஒரே ஆள் போறதுக்கு எஃப்ஏஏ (அமெரிக்க அரசோட விமானத் துறை) அனுமதி வாங்கின கம்பெனி நிறைய. இவங்க அத வாங்கி, ஆட்டோபைலட்லயே போயிட்டு, ரெண்டு பைலட் இருந்தா கஸ்டமருக்குத் தெம்பா இருக்கும்னு மட்டும் உங்கள உக்கார வச்சா கதையே வேற. எஃப்ஏஏ ஏத்துக்கிட்ட எஸ்ஐசி ட்ரெய்னிங் ப்ரோக்ராம் அவங்ககிட்ட இருந்தாதான் அப்ப எழுத முடியும். இத நேரா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

சைட்டேஷன் 5 அப்படி இல்ல, தனி எக்ஸெம்ப்ஷன் வாங்காத வரைக்கும் அதுக்கு ரெண்டு பைலட் கண்டிப்பா வேணும், அங்க உங்க நேரம் முழுசா ஏறும். அதனால கிங் ஏரோட சைட்டேஷன்லயும் போடுங்கன்னு கேக்கறது 50 டாலர் கூடக் கேக்கறத விட உங்களுக்கு நல்லது. மெக்சிகோ ட்ரிப் வந்தா மட்டும் லைசன்ஸ்ல எஸ்ஐசி டைப் ரேட்டிங் ஏத்தியிருக்கணும், அமெரிக்காவுக்குள்ளன்னா அது வேண்டியதில்ல.

வலதுசீட்_டல்லாஸ்:
ரொம்ப நன்றிக்கா, இந்த ஆட்டோபைலட் விஷயம் எனக்குத் தெரியாது. இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன், ட்ரெய்னிங், செக் ரைடு (பறந்து காட்டற பரீட்சை) பத்தி அவரு ஒண்ணுமே பேசல, அடுத்த வாரமே வான்னுதான் சொன்னாரு. இது சகஜமா?

கிங்ஏர்_கேப்டன்:
சகஜம் இல்ல தம்பி, இங்கதான் நான் நிஜமாவே கவலைப்படறேன். பார்ட் 135ல காசு குடுத்து வர்ற பாசஞ்சர் இருக்கும்போது நீங்க க்ரூவா உக்காரணும்னா ட்ரக் டெஸ்ட், அவங்க ட்ரெய்னிங் ப்ரோக்ராம், வருஷா வருஷம் செக் எல்லாம் முடிஞ்சிருக்கணும். அடுத்த வாரமே வான்னா ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு உங்கள க்ரூவா கணக்குலயே எடுக்கல, அப்ப மணி நேரமும் கிடையாது. இல்லன்னா ஓனர் ஃப்ளைட்னு பார்ட் 91 பேர்ல சார்ட்டர் ஓட்டறாங்க. ட்ரை லீஸ்னு (பைலட் இல்லாம விமானத்த மட்டும் வாடகைக்கு விடறது) ஒரு பேப்பர் காட்டி, பைலட்ட தனியா கான்ட்ராக்ட்ல பிடிச்சு, பாசஞ்சர்கிட்ட காசு வாங்கறது இங்க நடக்கறதுதான். எஃப்ஏஏ பிடிச்சா பைலட் லைசன்ஸும் போகும், எனக்குத் தெரியாதுன்னு சொன்னா விட மாட்டாங்க. கம்பெனி பேர்ல 135 சர்டிஃபிகேட் இருக்கா, அந்த விமானத்தோட டெயில் நம்பர் (பதிவு எண்) அதுல இருக்கான்னு பாருங்க. இல்லன்னா 1000 டாலர் குடுத்தாலும் போகாதீங்க.

வரிக்கணக்கு_ராஜ்:
நான் பைலட் இல்ல, ஆனா கான்ட்ராக்ட் பைலட்டுங்க நிறைய பேருக்கு டாக்ஸ் பாக்கறேன். உங்க ஐடி சம்பளம் சோஷியல் செக்யூரிட்டி வரம்பத் தாண்டிட்டா அந்த 15.3ல பெரும்பகுதி உங்களுக்கு வராது, அதப் பாத்துக்கங்க. இன்சூரன்ஸ் பாலிசில உங்க பேர் இருக்கான்னும், விபத்து நடந்தா இன்சூரன்ஸ் கம்பெனி உங்க மேலயே கேஸ் போடாதுன்னு சப்ரோகேஷன் வெய்வர் இருக்கான்னும் எழுத்துல வாங்குங்க, சம்பளத்துல 100 கம்மியானா தாங்கிக்கலாம், வீட்ட இழந்தா தாங்க முடியாது. அவங்க டைம்டேபிள், அவங்க ட்ரெய்னிங், அவங்க விமானம்னா பார்ட் டைம் டபிள்யூ-2ல, அதாவது கம்பெனி ஊழியரா, போடச் சொல்லியும் கேளுங்க. இத படிக்கற எச்1பி தம்பிங்களுக்கு ஒண்ணு, இந்த மாதிரி 1099 வேலை உங்களுக்கு அறவே கூடாது, சம்பளம் வாங்காம பறந்தாலும் மணி நேரமே கூலின்னு அரசாங்கம் எடுத்துக்கலாம்.

லாக்புக்_லட்சுமி:
ராஜ் கடைசியா சொன்னது சம்பளத்துக்கும் பொருந்தும். வெறும் மணி நேரத்துக்காக நாம 250க்கோ இலவசமாவோ போனா, இதையே முழு நேரத் தொழிலா வச்சு குடும்பம் நடத்தறவங்களுக்கு அடுத்த தடவ ஃபோன் வராது. உங்களுக்கு ஐடி சம்பளம் இருக்கு, வேண்டாம்னு சொல்ற வசதி இருக்கு, அதனால நீங்கதான் தைரியமா கேக்கணும். இன்னொண்ணு, வியாழன் ராத்திரி முழுக்க ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் பாத்துட்டு வெள்ளி காலைல ஏர்போர்ட் போகாதீங்க, நீங்க சம்பளத்துக்கு சொல்லிக்கொடுக்கற சிஎஃப்ஐ நேரமும் 135ல ஒரு பைலட் பறக்கலாம்ங்கற நேர வரம்புக் கணக்குல சேரும், அத மறைக்காம அவங்ககிட்ட குடுங்க.

வலதுசீட்_டல்லாஸ்:
சீஃப் பைலட்கிட்ட பேசினேன். 135 சர்டிஃபிகேட் இருக்கு, டெயில் நம்பரும் அதுல இருக்கு, ஆனா கிங் ஏர ஆட்டோபைலட் அனுமதியிலதான் ஓட்டறாங்களாம், எஸ்ஐசி ப்ரோக்ராம் இல்ல. அதனால கிங் ஏருக்கு முடியாதுன்னுட்டேன். சைட்டேஷனுக்கு முறையா ட்ரெய்னிங் குடுத்து நாளுக்கு 600, கேன்சல் ஆனாலும் முழு நாள்னா வர்றேன்னு சொன்னேன். கோபப்படல, ஓனர்கிட்ட கேட்டு சொல்றேன்னாரு. ட்ரெய்னிங் நாளுக்கு சம்பளம் கேக்கலாமா?

கிங்ஏர்_கேப்டன்:
கேளுங்க தம்பி. பாதி ரேட்டாவது தரணும், ட்ரெய்னிங் செலவ உங்ககிட்ட பிடிக்கறோம்னு சொன்னா மட்டும் ஒத்துக்காதீங்க.