-8 வரவேண்டிய இடத்தில் 65528 வருகிறது: குறியற்ற எண்ணைக் குறியுள்ளதாக மாற்றுவது எப்படி?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
அனைவருக்கும் வணக்கம். கல்லடிப் பக்கம் வாவியின் நீர்மட்டத்தை அளக்கச் சென்சர் ஒன்றைப் பொருத்தியுள்ளோம். நாங்கள் குறித்த பூச்சியக் கோட்டிலிருந்து நீர் எத்தனை சென்ரிமீற்றர் மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதை அது இரண்டு பைற்றுகளாக அனுப்புகிறது. முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியதும், -8 என்று வரவேண்டிய இடத்தில் 65528 பதிவாகிறது. இதே செய்நிரல் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணிப்பலகையில் சரியாக இயங்கியது. ஈஎஸ்பி32 பலகைக்கு மாறிய பின்னரே இவ்வாறு நிகழ்கிறது. பழுது பலகையிலா?

சம்மாந்துறைச் செய்நிரலாளர்:
பலகையில் பழுதில்லை. 65528, -8 ஆகிய இரண்டுக்கும் 16 பிற்றில் (0 அல்லது 1 ஆன இலக்கங்களில்) வரிசை ஒன்றுதான்: 1111 1111 1111 1000. குறியற்றதாக, அதாவது எதிர் எண்களே இல்லாததாக, வாசித்தால் இடக்கோடிப் பிற்றின் பெறுமதி 32768. எதிர் எண்களையும் குறிக்க உயர்தரத்தில் படிக்கும் 2 இன் நிரப்பி முறையில் வாசித்தால் அதே பிற்றின் பெறுமதி -32768. ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிற் என்பதால் அந்தப் பிற் தானாகவே குறிப் பிற்றாக அமைந்தது. ஈஎஸ்பி32 இல் இன்ட் 32 பிற் ஆகையால், உங்கள் இரு பைற்றுகளும் கீழ்ப்பாதியில் அமர, மேல்ப்பாதி முழுவதும் பூச்சியமாக இருந்து எண்ணை நேர் எண்ணாக்கிவிடுகிறது. பைற்றுகளை யூஇன்ட்16_டி (16 பிற் குறியற்ற வகை) மாறியில் சேர்த்து, அதை இன்ட்16_டி (16 பிற் குறியுள்ள வகை) ஆக மாற்றிய பின்னரே இன்ட்டில் இடுங்கள். சென்சர் தரவுக்கு வெறும் இன்ட்டை நம்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கல்முனை வாசகர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எல்லை மீறிய பெறுமதியைக் குறியுள்ள வகைக்கு மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதை சி மொழியின் தரநிலை, செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. இவ்விரு பலகைகளுக்கும் பயன்படும் ஜிசிசி கம்பைலர் எதிர்பார்த்த விடையையே தரும். சி++ மொழியின் தரநிலையான சி++20 அதை விதியாகவே ஆக்கிவிட்டது. 12 பிற் சென்சராக இருந்தால் இன்ட்16_டி உதவாது. அங்கே 2048 அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமதியிலிருந்து 4096 ஐக் கழிக்க வேண்டும்.

வாவிக்கரை:
இப்போது சரியாக -8 காட்டுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. ஏற்கெனவே கோப்பில் பதிவானவற்றை மீட்க முடியுமா?

சம்மாந்துறைச் செய்நிரலாளர்:
தனித்தனி அளவீடுகளாக இருந்தால் முடியும். 32768 அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொன்றிலிருந்தும் 65536 ஐக் கழியுங்கள், மற்றவற்றைத் தொடவேண்டாம். மணிக்கணக்குச் சராசரியை மட்டும் சேமித்திருந்தால் நிலைமை வேறு. 4, -4 ஆகியவற்றின் சராசரி பூச்சியம். உங்கள் கோப்பிலோ 4 உம் 65532 உம் சேர்ந்து 32768 என்று நிற்கும், அதிலிருந்து 65536 ஐக் கழித்தாலும் பூச்சியம் வராது. ஆகவே மூல அளவீடுகள் எங்காவது இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள்.