தரை தொடும் நேரத்தில் மறுபடி மேலே ஏறிய விமானம்: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

டோங்காட் மருமகள்
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரும் சாயங்கால விமானம். பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான மவுண்ட் மோர்லாண்ட் தாண்டியாச்சு, ஜன்னலில் கரும்புத் தோகை தனித்தனியாகத் தெரிகிறது. இதோ இறங்கிவிட்டோம் என்று காலை ஊன்றி உட்கார்ந்தேன். திடீரென்று இன்ஜின் அலறியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் 'தடால்' என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தம்தான் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஏதோ உடைந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். பக்கத்து சீட்டுப் பாட்டி 'முருகா, முருகா' என்று என் கையைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடல் மேலே வட்டமடிக்கும்போதுதான் பைலட் பேசினார்: முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையாம். இரண்டாம் தடவை நல்லபடியாக இறங்கினோம். ஆனால் அதுவரை ஏன் அந்த மௌனம்?

கேப்டவுன் காற்று
அக்கா, அது உடைந்த சத்தமில்லை. சக்கரங்கள் உள்ளே மடங்கிக் கதவு மூடிய சத்தம். இறங்க வேண்டாம் என்று முடிவானதும் இன்ஜினுக்கு விசை கூட்டி, மூக்கைத் தூக்கி, விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை மடக்குவார்கள். கோ அரவுண்ட் என்பார்கள். பைலட்டுக்கு முதலில் விமானம், அப்புறம் வழி, அப்புறம்தான் பேச்சு. அந்தப் பேச்சிலும் கண்ட்ரோல் டவருக்குத்தான் முதலிடம். மௌனத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

எனக்கு நடந்தது இங்கே, தென்கிழக்குக் காற்று வெறிபிடித்து வீசிய நாளில். ஒரு இறக்கை சட்டென்று தாழ்ந்தது, மேலே ஏறிவிட்டோம், அவ்வளவுதான்.

ஆனால் எல்லோரும் இதைக் கேளுங்கள். இறங்கும்போது செருப்பைக் கழற்றி வைக்காதீர்கள். பெல்ட்டை வயிற்றில் போடாமல் இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இறுக்குங்கள். உங்கள் சீட்டிலிருந்து அவசர வாசல் எத்தனை வரிசை என்று முன்னாலும் பின்னாலும் எண்ணி வையுங்கள். புகை வந்தால் கண் தெரியாது, தடவித்தான் போக வேண்டும். பையைத் தொடவே தொடாதீர்கள். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் தரையிறங்கிய ஏர்பஸ் ஏ350 மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெட்டி படுக்கையை விட்டுவிட்டு இறங்கியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

வெருலம் வாத்தியார்
தம்பி சொல்வது சரி, ஆனால் அக்கா பாடம் கேட்கவில்லையே. எனக்கு அதே மவுண்ட் மோர்லாண்ட் பக்கம்தான். கோடை மாலை, தகைவிலான் குருவிகள் நாணலில் அடையும் நேரம். ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கில் வந்து தங்குபவை. இவற்றுக்காகவே விமான நிலையத்தில் ரேடார் வைத்தார்கள். 'டொப்' என்று ஒரு அடி, உடனே கேபின் முழுக்க இறகு கருகிய நாற்றம். ஏறவில்லை, நேரே இறங்கிவிட்டோம். அந்த நாற்றம் வந்தால் இன்றும் வயிற்றைப் புரட்டுகிறது.

மஹேபூர்க்காரன்
மொரீஷியஸிலிருந்து. புயல் மழையில் எங்கள் பிளேசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கப் பார்த்து முடியாமல் எங்களைப் பக்கத்து ரியூனியன் தீவுக்குத் திருப்பினார்கள். மேகத்துக்கு நடுவே லயன் மலை ஒரு கணம் கருப்பாகத் தெரிந்து மறைந்தது. என் அப்பா அப்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புகை வாசம் அடிக்குதா?" 1987 நவம்பர் 28-ஐப் பார்த்த தலைமுறை அவர். தைபேயிலிருந்து வந்த ஹெல்டர்பெர்க் என்ற தென்னாப்பிரிக்க விமானம், சரக்குப் பகுதியில் தீப்பிடித்து, எங்கள் தீவை நெருங்கும்போது கடலில் விழுந்தது. 159 பேரும் போய்விட்டார்கள். அதனால் கேப்டவுன்காரரே, 'அவ்வளவுதான்' என்று சொல்லாதீர்கள். உள்ளே இருப்பவர் எதை நினைத்து நடுங்குகிறார் என்று நமக்குத் தெரியாது.

டோங்காட் மருமகள்
சத்தம் எதுவென்று தெரிந்தது, நன்றி தம்பி. மௌனம் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஏற்க முடியவில்லை. பைலட் பேச வேண்டாம். பணிப்பெண் எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "பயப்படாதீங்க, சுத்தி வந்து இறங்குவோம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிக்குப் போதும்.