பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருட புராஜெக்ட்: என்ன தலைப்பு எடுக்கலாம்?

வணக்கம். கையில் நான்கு மாதம் இருக்கிறது. கருந்துளை பற்றிச் செய்ய ஆசை, ஆனால் அதற்கு வேண்டிய பொதுச் சார்பியல் (ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடு) எங்கள் பாடத்திலேயே இல்லை. லேபில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், பழைய ஆஸிலோஸ்கோப், அவ்வளவுதான். பைத்தான் ஓரளவு தெரியும். என்ன செய்யலாம்?

பதில் 1:
கருந்துளையை விடுங்க தம்பி, நாலு மாசத்தில் கணிதம் கற்கவே நேரம் போய்விடும். பைத்தான் தெரியும் என்கிறீர்களே, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் டிஜிட்டலாகவே கிடைக்கின்றன. சூரியன் மேல் தெரியும் ஒரு கரும்புள்ளி நாளுக்கு எத்தனை டிகிரி நகர்கிறது என்று அளந்தால் சூரியனின் சுழற்சிக் காலம் வந்துவிடும், அப்புறம் வேறு வேறு அட்சரேகைப் புள்ளிகளை எடுத்தால் நடுக்கோட்டில்தான் வேகம் அதிகம் என்பதை நீங்களே பார்க்கலாம். ஒன்று மறக்காதீர்கள்: பூமியும் சூரியனைச் சுற்றி வருவதால் நமக்கு 27 நாள் போலத் தெரியும், உண்மையில் நடுக்கோட்டில் 25 நாள்தான். இந்தத் திருத்தத்தை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

பதில் 2:
சோதனைதான் வேண்டும் என்றால் எல்இடி வைத்து பிளாங்க் மாறிலியை (ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் எண்) அளக்கலாம். செலவு குறைவு. ஆனால் எந்த வோல்டேஜில் எரியத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், வோல்டேஜுக்கு எதிரே மின்னோட்ட வரைபடம் போடுங்கள். நான் கண்ணை நம்பி மாட்டிக்கொண்டேன்.

பதில் 3:
தலைப்புக்கு முன்னால் கைடைப் பாருங்க. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்காரக்கூடியவரா என்று.

கேட்டவர்:
சரி, கரும்புள்ளியே எடுக்கிறேன். நாளைக்கு மேடத்திடம் பேசிவிட்டு வருகிறேன்.