எஸ்என்எம்பி (ரவுட்டர் மாதிரி பாக்ஸ்கிட்ட கணக்கு கேட்டு வாங்குற முறை) கிராஃப் ஒண்ணு சொல்ல, லைன்ல வேற நடந்த அனுபவம் இருந்தா இங்க போடுங்க

கோவை_லேப்:

ரவுட்டர் சிபியு 20 தாண்டல, மெமரி பாதிக்கு மேல காலி, லிங்க் கிராஃப்ல 83 எம்பிபிஎஸ். ஆனா காலைல 10 மணி ஆச்சுன்னா காலேஜ் முழுக்க நெட் நகராது. 200 எம்பி லீஸ்டு லைன் அது, 100ல இருந்து அப்பதான் ஏத்திருந்தோம். லைன் குடுத்தவங்க ஆள் வந்து எங்க கேக்டி (கிராஃப் வரையுற சாஃப்ட்வேர்) கிராஃபையே விரல் வச்சுக் காட்டி "நீங்க பாதிகூட யூஸ் பண்ணலையே சார்"னு கரஸ்பாண்டன்ட் முன்னாடி சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

இன்னும் மனசுல நிக்கிறது அதுக்கு அடுத்த நாள் காலைதான். ஒரு ஸ்க்ரீன்ல கிராஃப், பக்கத்து ஸ்க்ரீன்ல ரவுட்டர் சிஎல்ஐ (கமாண்ட் அடிக்கிற திரை). ஷோ இன்டர்ஃபேஸ் அடிச்சா 5 நிமிஷ இன்புட் ரேட் 197 மெகாபிட்னு வருது, அதே நிமிஷம் கிராஃப் 83ல நிக்குது. சாயங்காலம் கிளாஸ் எல்லாம் விட்டதும் கிராஃப் 110க்கு ஏறுது! கூட்டம் குறைஞ்சா கிராஃப் ஏறுது, கூட்டம் வந்தா இறங்குது. ஒரு மாசத்து கிராஃபை எடுத்துப் பாத்தேன், 114க்கு மேல ஒரு புள்ளிகூட கிடையாது.

உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், 32 பிட் கவுண்டர். 429 கோடி சொச்சம் பைட் ஆனதும் திரும்ப சைபர்ல இருந்து எண்ண ஆரம்பிச்சிரும். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ போல் பண்ணா (கவுண்டரைக் கேட்டு எடுத்தா) அதிகபட்சம் 114.5 எம்பிபிஎஸ்தான் தெரியும், அதுக்கு மேல போறது எல்லாம் கழிஞ்சு போயிரும், 198ல 114.5 போனா 83.5, அதான் அந்த 83. 100 எம்பி லைன் இருந்தவரைக்கும் எல்லாம் சரியாத்தான் காட்டுச்சு, அதனாலதான் ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. முன்ன இருந்த வெண்டர் எல்லாத்தையும் எஸ்என்எம்பி வெர்ஷன் 1, அதாவது வி1ல போட்டு வச்சிருந்தாங்க, வி1ல 64 பிட் கவுண்டரே வராது. அடுத்த வெர்ஷன் வி2சிக்கு மாத்தி இஃப்-எச்சி-இன்-ஆக்டெட்ஸ் (உள்ள வர்ற பைட்டை எண்ணுற 64 பிட் கவுண்டர்) எடுத்தப்புறம்தான் லைன் காலைல 10ல இருந்து 1 மணி வரைக்கும் 200ல முட்டிட்டு நிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்படி கிராஃபை நம்பி யாராவது மாட்டிருக்கீங்களா?

நைட்ஷிஃப்ட்:

நீங்க சொன்ன அதே 32 பிட்தான், ஆனா எனக்கு வேற ரூபத்துல வந்துச்சு. ராத்திரி 2 மணி சுமாருக்கு நாக்ல (நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற ரூம்) அலாரம், கோர் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆயிருச்சுன்னு. அது விழுந்தா எங்களோட பாதி கஸ்டமர் காலி. சீனியரை எழுப்பியாச்சு, அவர் வீட்டுல இருந்தே விபிஎன்ல வந்து "தம்பி, பிஜிபி (மத்த நெட்வொர்க்கோட வழி பகிர்ற இணைப்பு) எல்லாம் ஏறி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது, எது ரீஸ்டார்ட் ஆச்சு?"ங்குறாரு. மானிட்டரிங்ல அப்டைம் 4 நிமிஷம். ஷோ வெர்ஷன் அடிச்சா 1 வருஷம், 18 வாரம், 6 நாள், 2 மணி நேரம், 32 நிமிஷம்.

சிஸ்-அப்டைம் (எவ்வளவு நேரமா ஓடுதுன்னு எஸ்என்எம்பில வர்ற எண்ணு) நொடியில நூத்துல ஒரு பங்கா எண்ணுது, 32 பிட்டுக்கு அது 497 நாள்ல நிரம்பி சைபர் ஆயிரும். ரவுட்டர் ஒரு பாக்கெட்டைக்கூட விடல, அந்த எண்ணு மட்டும் திரும்புச்சு. அதுல இருந்து ரீஸ்டார்ட் அலாரத்தை எஸ்என்எம்பி-இன்ஜின்-டைம் வச்சு போட்டுட்டோம், அது முழு நொடியில எண்ணுறதால நம்ம ஆயுசுக்கு நிரம்பாது. ஒரே நாள்ல ரேக் ஏத்தின ரவுட்டர்ங்க இருந்தா 497ஆவது நாள் வரிசையா அலறும், பாத்துக்கோங்க.

போர்ட்161:

கோவை சார், 64 பிட்டுக்கு மாறினது நல்லது, ஆனா வி2சியோட நிறுத்திட்டீங்கன்னா அது எனக்கு உறுத்துது. கம்யூனிட்டி (எஸ்என்எம்பிக்கு பாஸ்வேர்டு மாதிரி) என்ன பேரு வச்சிருக்கீங்க, பப்ளிக்கா? என் சம்பவத்தைச் சொல்றேன். கிளையன்ட் ஒருத்தரோட பிராஞ்ச் ஆபீஸ், ஞாயித்துக்கிழமை, வாட்ச்மேன் தவிர ஆள் கிடையாது, அப்லோட் மட்டும் முழுசா நிரம்பிக் கெடக்கு. பாக்கெட் புடிச்சுப் பாத்தா எல்லாமே யூடிபி, சோர்ஸ் போர்ட் 161 (எஸ்என்எம்பியோட போர்ட்), வெளிநாட்டுல ஏதோ ஒரே அட்ரஸுக்கு ஓடிட்டே இருக்கு. வேன் (வெளி இன்டர்நெட்) பக்கம் எஸ்என்எம்பி தொறந்து கெடந்துருக்கு, கம்யூனிட்டி பப்ளிக். எவனோ போலி சோர்ஸ் அட்ரஸ் போட்டு சின்ன கெட்-பல்க் (மொத்தமா நிறைய டேட்டா கேக்குற) கேள்வி அனுப்புறான், ரவுட்டர் அதைவிடப் பல மடங்கு பெரிய பதிலைத் தூக்கி யாரோ ஒருத்தர் தலையில கொட்டுது. எந்த கிராஃபைக் காட்டி "லோடு இல்ல"ன்னு அவங்க நம்பிட்டு இருந்தாங்களோ, அந்த சர்வீஸே அவங்க லைனைத் தின்னுட்டு இருந்துச்சு.

அதனால சொல்றேன், கேளுங்க. முதல்ல பப்ளிக், பிரைவேட் ரெண்டையும் தூக்குங்க. ரீட்-ரைட் கம்யூனிட்டி உங்களுக்குத் தேவையே இல்ல, மானிட்டர் பண்ண ரீட்-ஒன்லி போதும், ரைட் இருந்தா வெளியாள் உங்க முழு கான்ஃபிகையும் டிஎஃப்டிபில (பாஸ்வேர்டு இல்லாத ஃபைல் காப்பி முறை) காப்பி எடுத்துட்டுப் போக முடியும். 2018 ஏப்ரல்ல அமெரிக்காவும் பிரிட்டனும் சேந்து ரவுட்டர் தாக்குதல் பத்தி எச்சரிக்கை விட்டப்போ இந்த எஸ்என்எம்பியும் அதுல இருந்துச்சு. அப்புறம் ஏசிஎல் (யார் பேசலாம்ங்கற பட்டியல்) போட்டு மானிட்டரிங் சர்வர் ஐபி மட்டும்தான் 161ல பேசணும்னு கட்டுங்க, வேன் இன்டர்ஃபேஸ்ல தனியா அடைங்க, வெளிய மொபைல் டேட்டால இருந்து நீங்களே ஒரு தடவ வாக் (எஸ்என்எம்பில எல்லாத்தையும் வரிசையா கேக்குறது) அடிச்சு பதில் வருதான்னு பாருங்க. வி2சில கம்யூனிட்டி வெறும் எழுத்தாத்தான் ஒயர்ல போகுது, வயர்ஷார்க் (பாக்கெட் புடிச்சுப் பாக்குற டூல்) தெரிஞ்ச ஸ்டூடன்ட் ஒருத்தன் சரியான இடத்துல உக்காந்தா அவன் கைக்குப் போயிரும், காலேஜ்ல இது சாதாரண விஷயம் இல்ல. வி3க்கு மாறுங்க, ஆத்-பிரைவ் (யாருன்னு சரிபாக்குறதும் மறைச்சு அனுப்புறதும்), அதுக்கு ஷா, ஏஇஎஸ். ஒரு எச்சரிக்கை, வி3ல பாஸ்வேர்டு சாவி இன்ஜின் ஐடியோட (ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனியா இருக்குற அடையாள எண்ணு) சேந்து உருவாகுறது, பாக்ஸை மாத்தி இன்ஜின் ஐடி மாறிட்டா யூசரைத் திரும்ப உருவாக்கணும், இல்லன்னா "பாஸ்வேர்டு சரிதானே, ஏன் ஏறல"ன்னு மண்டைய உடைச்சிட்டு உக்காந்திருப்பீங்க. ட்ராப் (பாக்ஸ் தானா அனுப்புற அலாரம்) 162ல வர்றதையும் இதே மாதிரி பூட்டுங்க. டைமும் என்டிபில (கடிகாரத்தை சர்வரோட ஒத்துப்போக வைக்கிறது) சரியா இருக்கட்டும், லாக் பாக்கும்போது அருமை தெரியும்.

பார்டர்_பாக்ஸ்:

161 ப்ரோ, அவர் கேட்டது கிராஃப் பத்தி. வி3 நல்லதுதான், ஏசிஎல்லும் போடணும்தான், நான் மறுக்கல. ஆனா எல்லாருக்கும் முதல் வேலை வி3னு சொன்னா ஒத்துக்க மாட்டேன், மேனேஜ்மென்ட் விலான் (பாக்ஸை நிர்வகிக்க மட்டும் பிரிச்ச நெட்வொர்க்) தனியா இருந்து ஏசிஎல்லும் இறுக்கமா இருந்தா வி2சியை வச்சே நிம்மதியா ஓட்டலாம். என்ன கேள்வி கேக்குறோம்ங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

எங்க பார்டர் ரவுட்டர்ல சிபியு சரியா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ 95க்கு எகிறும், கொஞ்ச நேரம் நிக்கும், இறங்கும். சிஎல்ஐல ஒரு எழுத்து அடிச்சா அது திரைக்கு வர நேரம் ஆகும். அட்டாக்குனு நெனச்சு எல்லாரும் ஃபயர்வால் பக்கம் ஓடிட்டு இருந்தாங்க. ஷோ ப்ராசஸ் சிபியு சார்ட்டட் அடிச்சா முதல் வரியில எஸ்என்எம்பி இன்ஜின். வேற டீம் புதுசா ஒரு மானிட்டரிங் டூல் போட்டிருக்காங்க, அது ஆட்டோ டிஸ்கவரிங்கற பேர்ல ரூட் டேபிள் முழுக்க வாக் பண்ணுது. அந்த பாக்ஸ்ல முழு பிஜிபி டேபிள், 9 லட்சத்துக்கு மேல ரூட். ஒவ்வொரு ரூட்டையும் வரிசைப்படுத்தி எடுத்துக் குடுத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த ரவுண்டு வந்துரும்.

வியூ (எஸ்என்எம்பில எதைக் காட்டலாம்ங்கற பட்டியல்) ஒண்ணு எழுதி ஐபி ரூட் டேபிளையும் ஆர்ப் (ஐபிக்கு எந்த மேக் அட்ரஸ்னு வச்சிருக்குற) டேபிளையும் எக்ஸ்க்ளூட் பண்ணி அந்த கம்யூனிட்டியோட கட்டினோம், அடுத்த 5 நிமிஷத்துலயே சிபியு கிராஃப்ல இருந்த முள்ளு காணாமப் போச்சு. ஒண்ணு நியாயமா சொல்லணும், அந்த ப்ராசஸ் குறைஞ்ச பிரயாரிட்டில ஓடுறதால ட்ராஃபிக் அடி வாங்கல. ஆனா சிபியு கிராஃபைப் பாத்துட்டு ஒரு குரூப் ரவுட்டரையே மாத்தக் கொட்டேஷன் வாங்கப் போயிருச்சு, அதுதான் எனக்கு ஆறல.

போர்ட்161:

நான் கேக்காமயே சொன்னேன்தான், இப்பவும் சொல்லுவேன். ஏசிஎல் இறுக்கமா இருக்கும்ங்கற நம்பிக்கைலதான் அந்த பிராஞ்ச் ஆபீஸும் இருந்துச்சு.

மதுரை_கேபிள்:

அண்ணே சண்டை வேணாம். நான் சின்ன ஐஎஸ்பி, மைக்ரோடிக் ரவுட்டர், பிபிபிஓஇ (கஸ்டமர் யூசர்நேம் போட்டு ஏறுற முறை). பொங்கல் லீவு முடிஞ்சு பில் போனதும் ஒரு ஆபீஸ் கஸ்டமர் நேரா கடைக்கே வந்துட்டாரு. "தம்பி, நாலு நாள் ஷட்டரே தெறக்கல, யூபிஎஸ்ஸைக்கூட அணைச்சுட்டுப் போனோம், உங்க கிராஃப்ல ராப்பகலா 80 எம்பி ஓடிருக்குன்னா ஓட்டினது யாரு?" கையில ஷட்டர் சாவி, அதை டேபிள்ல வச்சுட்டுக் கேக்குறாரு. 95ஆவது பெர்சன்டைல் பில்லிங் (உச்சமான 5 சதவீத அளவைத் தள்ளிட்டு மிச்சத்துல உச்சத்துக்கு பில்), அதனால அந்த நாலு நாளே அவரை மேல தூக்கி விட்டுருச்சு.

போகிக்கு முந்தின நாள் கரண்ட் போய் எல்லா செஷனும் அறுந்து திரும்ப ஏறிருக்கு. டைனமிக் இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு தடவ ஏறும்போதும் புது இஃப்-இன்டெக்ஸ் (எஸ்என்எம்பில இன்டர்ஃபேஸுக்கு இருக்குற நம்பர்) வாங்கும், மானிட்டரிங் பழைய நம்பரையே புடிச்சுட்டு இருந்ததால பக்கத்துத் தெரு ஹாஸ்டலோட ட்ராஃபிக் இவர் பேர்ல வரைஞ்சிருக்கு. பணத்தைத் திருப்பிக் குடுத்தோம், அதோட முடிஞ்சது பரவால்ல. இப்ப பில்லுக்கு ரேடியஸ் அக்கவுன்ட்டிங் (யூசர்நேம் வாரியா லாகின் சர்வர் வைக்கிற கணக்கு) மட்டும்தான், கிராஃபை இன்டர்ஃபேஸ் பேரை வச்சு மேட்ச் பண்ணிருக்கோம், இன்டெக்ஸை நம்புறதே இல்ல. பெரிய பாக்ஸ் வச்சிருக்கவங்க இஃப்-இன்டெக்ஸ் பெர்சிஸ்ட் கமாண்ட் (அந்த நம்பர் மாறாம வைக்கிறது) போட்டிருக்கீங்களான்னு ஒரு தடவ பாத்துருங்க, கார்டு ஒண்ணு சொருகி ரீபூட் பண்ணா அங்கயும் இதே கதைதான்.

குரல்_வெட்டு:

எல்லாரும் பேண்ட்விட்தையே பேசுறீங்க. எங்க கால் சென்டர்ல குரல் வெட்டி வெட்டி வரும், "ஹலோ ஹலோ"ன்னு ஏஜென்ட் புள்ளைங்க கத்தும், லிங்க் கிராஃப் 12 சதவீதம். நெட்வொர்க் கிளீன்னு டிக்கெட்டை மூடிட்டாங்க. அதே இன்டர்ஃபேஸ்ல இஃப்-அவுட்-டிஸ்கார்ட்ஸ் (வெளிய போக முடியாம தூக்கிப் போட்ட பாக்கெட் எண்ணிக்கை) எடுத்துப் பாத்தேன், யாருமே வரையாத கவுண்டர் அது, நிமிஷத்துக்கு நிமிஷம் நூத்துக்கணக்குல ஏறிட்டு இருக்கு. உள்ள 1 ஜிகா, வெளிய 100 மெகா. ஃபைல் சிங்க் ஒண்ணு நிமிஷத்துக்கு ஒரு தடவ 2 நொடி முழு வேகத்துல அடிக்குது. 60 நொடியில 2 நொடின்னா சராசரில அது 3 சதவீதம் சொச்சம்தான் தெரியும், ஆனா அந்த 2 நொடியில க்யூ நிரம்பி வாய்ஸ் பாக்கெட்டும் சேந்து கீழ விழுது. கோவை சார், உங்க 64 பிட் கவுண்டரும் இதைக் காட்டாது, 1 நிமிஷ போலிங்கும் காட்டாது. ஆக்டெட்ஸ் எடுக்குற ஒவ்வொரு போர்ட்டுக்கும் டிஸ்கார்ட்ஸும் எரர்ஸும் கூடவே எடுங்க. நாங்க வாய்ஸுக்கு பிரயாரிட்டி க்யூ போட்டதும் குரல் வெட்டுறது நின்னுச்சு, டிஸ்கார்ட் இன்னும் ஏறுது, ஆனா அது ஃபைல் சிங்க்கோடது.

கோவை_லேப்:

டிஸ்கார்ட்ஸ் இப்பதான் சேத்தேன், ஹாஸ்டல் போர்ட்ல நிறைய ஏறுது, நன்றி. 161 சார், கம்யூனிட்டி பப்ளிக் இல்ல, ஏசிஎல் போட்டாச்சு, வி3 செமஸ்டர் லீவுல. இன்னொண்ணு, தினசரி கிராஃப்ல 198 தொடுற லைன் வருஷ கிராஃப்ல 70 தாண்டல, இதைக் காட்டி 300க்கு எப்படி அப்ரூவல் கேக்குறது?

நைட்ஷிஃப்ட்:

அது பழைய டேட்டாவை சராசரியாக்கி சுருக்கிருது சார். எம்ஆர்டிஜில (கேக்டி மாதிரி இன்னொரு கிராஃப் டூல்) வருஷ கிராஃப்னா ஒரு நாளுக்கு ஒரு புள்ளி, ராத்திரி காலியா கெடந்த நேரமும் அதுல கலந்துரும். ஆர்ஆர்டில (கேக்டி டேட்டாவை வைக்கிற ஃபைல்) ஆவரேஜோட மேக்ஸும் சேமிக்கலாம், கேக்டி டெம்ப்ளேட்ல மேக்ஸ் லைன் சேத்துட்டு அதைக் காட்டுங்க. மேக்ஸ் இதுவரைக்கும் சேமிக்கலைன்னா சுருங்கிப் போன பழைய பீக் திரும்பக் கிடைக்காது, 5 நிமிஷ டேட்டா இன்னும் இருக்குற நாளுக்கு மட்டும் இப்பவே எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க.