போதை சிகிச்சையில் நேர்காணல் ஆய்வு: இதை நம்பிப் போகலாமா?

கேள்வி:
சமூகப்பணி முதுகலை முடிக்கப் போகிறேன். போதையிலிருந்து மீள வருபவர்களோடு உட்கார்ந்து கதை கேட்டு ஆய்வு செய்ய ஆசை. எண்ணிக்கை இல்லாத ஆய்வை யார் மதிப்பார்கள் என்கிறார்கள். இதிலேயே ஆயுள் முழுக்க இருந்தவர்கள் உண்டா?

பதில் 1:
ஆல்ஃபிரட் லிண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரைத் தேடிப் படியுங்கள். 1930களில் சிகாகோவில் மார்ஃபின், ஹெராயினுக்கு அடிமையானவர்களோடு பழகி, பேசி, 1937இல் முனைவர் பட்டம் வாங்கினார். மருத்துவமனையில் வலிக்கு மார்ஃபின் வாங்கியவர்களில் சிலர் மட்டும் ஏன் அடிமையாகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. மருந்து நின்றதும் வரும் வேதனைக்கு அது இல்லாததுதான் காரணம் என்று புரிந்து, அதைப் போக்கவே மறுபடி எடுக்கும்போதுதான் அடிமைத்தனம் பிடிக்கிறது என்றார். ஒரே ஒருவர் கதை பொருந்தாவிட்டாலும் கொள்கையைத் திருத்த வேண்டும் என்பது அவர் முறை. சராசரி போட்டால் அந்த ஒருவர் காணாமல் போவார்.

பதில் 2:
அவர் பட்ட பாட்டையும் சொல்லணும். அடிமையானவருக்குத் தேவை டாக்டர், சிறை அல்ல என்று எழுதியதற்காக, ஆன்ஸ்லிங்கர் தலைமையிலான அமெரிக்கப் போதைப்பொருள் துறை அவர் வேலை பார்த்த இண்டியானா பல்கலைக்கழகம் வரை போய் அவரைப் பற்றிப் புகார் சொன்னது. அவர் விடவில்லை.

பதில் 3:
சரி, ஒன்று மட்டும். பேட்டியை சிகிச்சை மையத்து ஊழியர் பக்கத்தில் இருக்கும்போது எடுக்காதீர்கள், மறுபடி குடித்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.