என் தொலைபேசியில் இருக்கும் உங்கள் எண் யாருடையது?

பழைய முகவரி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சமூக ஊடகம் நன்மையா தீமையா என்ற பட்டிமன்றத்தைப் பலமுறை நடத்தியாயிற்று. அதற்குள் மறுபடி செல்ல எனக்கு விருப்பமில்லை. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. "எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, என் விவரங்களை எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்பவர் தம்முடையதை மட்டும்தான் கொடுக்கிறாரா?

சென்ற மாதம் புதிய கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவினேன். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்டது. விரல் 'அனுமதி' மேல் சென்றுவிட்ட பிறகு, ஏனோ அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்கத் தோன்றியது. 612 பெயர்கள். ஒரு மனநல மருத்துவரின் எண், இக்கட்டான காலத்தில் எனக்குக் கடன் கொடுத்தவரின் எண், அவற்றுக்கு நடுவே, கணவனின் அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறி எண்ணையே மாற்றிக்கொண்ட என் தோழியின் புதிய எண். அந்த எண் தெரிந்த நான்கைந்து பேரில் நானும் ஒருத்தி. என்னை நம்பித் தந்த ஒன்றை, அவளைக் கேட்காமல், ஒரே அழுத்தலில் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதை மிகைப்படுத்தல் என்று எண்ணுபவர்கள் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தாம். ஆனால் 2018இல் ஃபேஸ்புக்கே வெளியிட்ட கணக்கின்படி, அந்த நிறுவனத்துக்கு விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 8.7 கோடிப் பேர் வரை. அதாவது ஒருவர் சம்மதித்ததால், அந்தத் தேர்வைக் கண்ணாலும் பார்த்திராத நண்பர்கள் சுமார் முந்நூறு பேர் அகப்பட்டுக்கொண்டார்கள். மறுஆண்டு அமெரிக்க வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அபராதம் அரசுக்குப் போயிற்று; போன விவரம் திரும்பி வரவில்லை.

தையல் மேசை

சகோதரி, உங்கள் தோழிக்காக வருந்துகிறேன். ஆனாலும் உங்கள் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வீட்டில் குழந்தைகளுக்கு உடை தைத்து விற்பவள். எனக்குக் கடை கிடையாது; வாடகை கொடுக்க வசதியும் கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகள் தெரிந்தவர்கள் மூலம் மாதத்துக்கு நான்கோ ஐந்தோ உடைகள் தைத்தேன். ஒரு வாடிக்கையாளர் தம் மகள் நான் தைத்த சட்டையில் நிற்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு என் பக்கத்தைக் குறிப்பிட்டார். அந்த வாரமே பதினெட்டு பேர் கேட்டார்கள். அளவு, துணி, நிறம், முன்பணம், அனுப்பிய விவரம் எல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில்தான் நடக்கின்றன. தொடர்புப் பட்டியலை அனுமதிக்காமல் இருந்தால் யார் எந்த ஆர்டர் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? மாதச் சம்பளம் தவறாமல் வருபவர்களுக்கு அந்தரங்கத்தைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு, நாலு பேர் கண்ணில் படுவதுதான் பிழைப்பு.

விரல்மொழி

தையல் மேசை சொன்னதை ஒட்டி நானும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே காது கேளாதவன்.

கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தாய்க்கும் காது சரியாகக் கேட்காது. பிற்பாடு அவர் மணந்துகொண்டவரும் காது கேளாதவர். அப்படிப்பட்டவர் உருவாக்கிய கருவி, எங்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் வெளியே நிறுத்தி வைத்தது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்றால், காது கேட்கும் யாராவது ஒருவரிடம் எழுதிக் காட்டி, அவரைப் பேசச் சொல்ல வேண்டும். என் திருமணப் பேச்சு, என் உடல்நலம், என் கடன் எல்லாம் இன்னொருவர் வாய் வழியாகத்தான் போயின. அந்தரங்கம் போய்விட்டது என்று நீங்கள் எல்லோரும் சொல்லும் இந்தக் காலத்தில்தான் எனக்கு முதன்முதலாக அந்தரங்கம் கிடைத்தது. 2016 இறுதியில் வாட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு வந்த பிறகு, நானும் என் மனைவியும் நடுவில் ஆள் இல்லாமல் கையாலேயே பேசிக்கொள்கிறோம். ஒரு கையில் கைப்பேசி இருப்பதால் மற்றொரு கையால் மட்டும் பேச வேண்டியிருக்கிறது. அதுவும் பழகிவிட்டது. நாங்கள் ஒற்றைக் கையாலேயே சண்டை கூடப் போடுகிறோம்.

ஆகவே, "சமூக ஊடகம் அந்தரங்கத்தைப் பறித்தது" என்ற வாக்கியத்தை யாராவது பொதுவாகச் சொல்லும்போது, யாருடைய அந்தரங்கம் என்று சேர்த்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.

கம்பிவடம்

நான் கணினிப் பிணைய நிர்வாகப் பணியில் இருப்பவன். இந்த இழையில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

முதலாவது, பேச்சின் உள்ளடக்கம். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை எல்லாப் பயனர்களுக்கும் கொண்டு வந்தது. விரல்மொழி அவர்கள் மனைவியுடன் பேசுவதை நடுவில் இருக்கும் நிறுவனத்தால் பார்க்க முடியாது. அவர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டாவது, பேச்சைச் சுற்றியுள்ள தகவல்: யார் யாரிடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு அடிக்கடி பேசினார்கள், யாருடைய பட்டியலில் யார் இருக்கிறார்கள். மறையாக்கம் இதை மூடுவதில்லை. ஒரு பெண் நள்ளிரவில் ஓர் உதவி எண்ணுக்கு மூன்று முறை அழைத்தாள் என்று தெரிந்தால், என்ன பேசினாள் என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. பழைய முகவரி அவர்களின் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

சட்டமும் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2021 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வாட்ஸ்அப்புக்கு 22.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. தகவலை எப்படிக் கையாள்கிறோம் என்று பயனர்களிடம் மட்டுமன்றி, செயலியையே பயன்படுத்தாத, பிறருடைய தொடர்புப் பட்டியலில் மட்டும் இருந்தவர்களிடமும் தெளிவாகச் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டில் ஒரு பகுதி. நிறுவனம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

பழைய முகவரி

விரல்மொழி அவர்களே, உங்கள் மறுமொழியை மூன்று முறை படித்தேன். "பறித்தது" என்று பொதுவாகச் சொல்லும் பழக்கம் எனக்கும் உண்டு. இனிச் சொல்ல மாட்டேன்.

தையல் மேசை அவர்களுக்கு ஒன்று. பயனர்களைப் பின்தொடர வேண்டுமானால் செயலிகள் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியை ஆப்பிள் அறிவித்தபோது, 2020 டிசம்பரில் ஃபேஸ்புக் அமெரிக்கச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. சிறு வணிகங்களுக்காகக் குரல் கொடுக்கிறோம் என்பது அந்த விளம்பரத்தின் சாரம். வருமானத்தில் மிகப் பெரும்பகுதியை விளம்பரத்திலிருந்து பெறும் நிறுவனம், உங்களைப் போன்றவர்களை முன்னால் நிறுத்தித் தன் இழப்பைத் தடுக்கப் பார்த்தது. உங்கள் உழைப்பு அவர்களுக்குக் கேடயமாகப் பயன்படுவதை நீங்கள் ஏற்கலாமா என்பதே என் வருத்தம்.

தையல் மேசை

என்னைக் கேடயம் என்று சொல்லாதீர்கள். அந்த விளம்பரம் யார் கொடுத்திருந்தாலும், எனக்கு வந்த பதினெட்டு பேர் உண்மையானவர்கள். அவர்கள் கொடுத்த பணத்தில் என் மகன் படிக்கிறான்.

ஆனால் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நான் விற்பனைக்குப் பயன்படுத்தும் ஒரு தளம் என் கணக்கை ஒன்பது நாட்கள் முடக்கிவிட்டது. விதி மீறப்பட்டுள்ளது என்று ஒரு வரி வந்தது. எந்த விதி என்று இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினேன், எந்திரம் எழுதியது போன்ற பதில் வந்தது. தைத்து முடித்த ஏழு உடைகள் மேசை மேல் கிடந்தன. அவை யாருக்கு உரியவை, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தன. பத்தாம் நாள் எந்த விளக்கமும் இல்லாமல் திறந்துவிட்டார்கள். அந்த ஒன்பது நாட்களில் இருவர் நான் ஏமாற்றிவிட்டதாகவே முடிவு செய்து வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கம்பிவடம்

இதைத்தான் நான் அடுத்து எழுத நினைத்தேன். 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்புப் பிணையம் அறுந்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. உங்களுக்கு அது ஒன்பது நாள் நடந்திருக்கிறது. பெயர், அளவு, முகவரி ஆகியவற்றை உங்கள் கைவசம் ஒரு நோட்டிலோ கோப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. அந்தத் தளத்தைக் கடைவாசலாகப் பயன்படுத்துங்கள். கல்லாப்பெட்டியை அதற்குள் வைக்காதீர்கள்.

ஓய்வூதியர்

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன். நீங்கள் எல்லோரும் நிறுவனங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு என் மகன் வேறு நாட்டில் இருக்கிறான். வாட்ஸ்அப்பில் நான் கடைசியாக எப்போது வந்தேன் என்று காட்டும் வரியில் அதிகாலை 2:40 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, இரவு தூங்கவில்லையா?" என்று விடிந்ததும் அழைத்தான். மனைவி போன பிறகு நான் சரியாகத் தூங்குவதில்லை என்பதை நான் அவனிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த வரி சொல்லிவிட்டது. அதை நான் கண்காணிப்பு என்று நினைக்கவில்லை.

பேத்தியின் படங்களை நான் ஃபேஸ்புக்கில் இடுவதையும் மருமகள் கூடாது என்கிறாள். தாத்தா தன் பேத்தியின் படத்தைப் போடுவதற்கு யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்? குடும்ப ஆல்பத்துக்கும் சட்டமா?

கம்பிவடம்

ஐயா, கேட்டதால் சொல்கிறேன்: ஓரிடத்தில் சட்டம் வந்துவிட்டது. 2020 மே மாதம் நெதர்லாந்தில் ஒரு நீதிமன்றம், தாய் பலமுறை கேட்டும் பேரக்குழந்தைகளின் படங்களை நீக்காத பாட்டிக்கு அவற்றை நீக்கும்படி உத்தரவிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, மொத்தம் 1,000 யூரோ வரை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஃபேஸ்புக்கில் இட்ட படம் முன்பின் தெரியாதவர் கைக்கும் போகக்கூடும் என்பதால், அந்த விலக்கு இங்கே பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என நீதிமன்றம் கருதியது. நீங்கள் சொல்லும் ஆல்பம் அலமாரியில் இருந்தது. வந்தவர்களுக்கு நீங்களே எடுத்துக் காட்டினீர்கள்.

ஓய்வூதியர்

ஒரு பாட்டியை நீதிமன்றத்துக்கு இழுத்த குடும்பத்தில் படத்துக்கு முன்பே ஏதோ முறிந்திருக்க வேண்டும். என் மருமகள் அப்படிப்பட்டவள் அல்லள். அவளிடம் நான் காரணம் கேட்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கேட்கிறேன். ஆனால் என் மகன் பார்க்கும் அந்த வரியை நான் அணைக்க மாட்டேன்.

பழைய முகவரி

அணைக்க வேண்டாம், ஐயா. யார் பார்க்கலாம் என்பதை அமைப்பில் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும், அல்லது அவர்களிலும் சிலருக்கு மட்டும் என்று குறுக்கலாம். எல்லோருக்கும் என்று விட்டிருந்தால், நீங்கள் விழித்திருக்கும் நேரத்தை உங்கள் மகனைப் போலவே, உங்கள் எண் தெரிந்த ஒரு மோசடிக்காரனும் பார்ப்பான். அந்த வரி உங்கள் மகனுக்கு எழுதியதாகவே இருக்கட்டும்.

விரல்மொழி

பழைய முகவரி அவர்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. எனக்காக ஆண்டுக்கணக்கில் தொலைபேசியில் பேசிய அந்த மனிதர்களுக்கு என் வீட்டு விவகாரம் எல்லாம் தெரியும். அவர்களில் ஒருவர் கூட அதை வெளியே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யார் சொன்னார் என்று எனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் தோழியின் எண் நாளை வெளியே போனால், அது எந்தக் கைப்பேசியிலிருந்து போனது என்று அவரால் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றுதான் தோன்றுகிறது. காணொளி அழைப்பை நான் விடப்போவதில்லை. ஆனால் என் பட்டியலில் பிறர் இருக்கிறார்கள் என்பதை இதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

தையல் மேசை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஆர்டர்களை ஒரு நீளமான நோட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். என் பக்கத்தில் இருந்த குழந்தைகளின் படங்கள் 41. முகம் தெரிவது 29. அந்தத் தாய்மார்கள் அனைவருக்கும் தனித்தனியாக எழுதி, படம் இருக்கலாமா என்று கேட்டேன். பெரும்பாலோர் தாராளமாக இருக்கட்டும் என்றார்கள். ஆறு பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வரும்வரை அந்தப் படங்களை மறைத்து வைத்திருக்கிறேன். ஒருவர் மட்டும், "நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், நானாகச் சொன்னால் தவறாக நினைப்பீர்களோ என்று இருந்துவிட்டேன்" என்று எழுதினார். அந்தப் படம் அங்கே எட்டு மாதம் இருந்திருக்கிறது. என் பக்கத்திலேயே அதிகமானோர் விரும்பிய படமும் அதுதான்.

நீக்கிவிட்டேன். சட்டையை மட்டும் கொக்கியில் மாட்டி வேறு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். விற்பனை குறையுமா என்று தெரியவில்லை, சகோதரி. குறைந்தால் அதையும் இங்கே வந்து சொல்வேன்.