போர்ட் கேம் விருது வைக்கிறோம்: செலவுக் காசை யாரிடம் வாங்கலாம்?

சனிக்கிழமை மேசை, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பின் பின் அறையில் மூன்று வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் போர்ட் கேம் விளையாடி வருகிறோம். முதலில் இருந்தது ‘கட்டான்’ என்ற வெளிநாட்டு விளையாட்டின் ஒரே ஒரு பழைய பெட்டி, பிறகு ஒரு கரம் போர்ட். வெளிநாட்டுப் பெட்டி வாங்கும் விலை எங்களுக்குக் கட்டாது. அதனால் பிள்ளைகளே பிரிஸ்டல் போர்டில் வெட்டி, கொமியூனிகேஷன் கடையில் கலர் பிரின்ட் எடுத்து, சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். இப்போது மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளைப் பக்கம் செய்ததையும் சேர்த்தால் பதினொரு விளையாட்டு இருக்கிறது.

சும்மா சொல்லவில்லை, சிலது உண்மையிலேயே நல்லது. மஸ்கெலியாவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு தங்கச்சி தேயிலைக் கொழுந்து நிறுவையை வைத்து ஒன்று செய்திருக்கிறாள். தாயக்கட்டை உருட்டிக் கொழுந்து சேர்த்து, மடுவத்துக்கு, அதுதான் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழைச் சீட்டு விழுந்தால் தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழியும். அவளுடைய அம்மா ஒரு முறை விளையாடிவிட்டு, கழிக்கிறது இதை விடக் கூட என்றார். அன்றைக்கே மூன்று கிலோவாக மாற்றிவிட்டாள். இன்னொருவர் ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் ரயில் பாதையை வரைந்திருக்கிறார். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போனால் கைச்சீட்டை மற்றவர்களுக்குக் காட்டக்கூடாது. தெமோதரையில் பாதை சுற்றி வந்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே போவதால், அங்கே ஒரே கட்டத்துக்கு இரண்டு தரம் வரலாம். இவற்றுக்கு ஒரு விருது வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

இரண்டு சிக்கல் இருக்கிறது. போன வருடம் ஃபேஸ்புக்கில் லைக் எண்ணிப் பார்த்தோம். எங்கள் அறையில் யாருமே விளையாடிப் பார்க்காத ஒன்று முதலாவதாக வந்தது, செய்தவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். கொழுந்துத் தங்கச்சி அதன் பிறகு ஒரு மாதம் வரவில்லை. எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது.

அடுத்தது காசு. மண்டபம், சாப்பாடு, கேடயம், தூரத்துப் பிள்ளைகளின் பஸ் காசு எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய் போட்டிருக்கிறேன். டவுனில் ஒரு கடைக்காரர் 50,000 தருகிறேன் என்கிறார், பெரிய விருதுக்குக் கடைப் பெயரை வைத்தால் போதுமாம். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருடைய மகனும் போட்டியில் இருக்கிறான். வாங்கலாமா?

பண்டாரவளைக் காற்று

தம்பி, நான் பன்னிரண்டு வருடம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கணக்கு எழுதியவள். நேராகவே சொல்கிறேன், அந்த 50,000-ஐ அந்த நிபந்தனையோடு வாங்காதீர்கள்.

கோயிலில் உபயம் என்று எதற்கு வாங்குகிறோம்? அன்னதானத்துக்கு, பந்தலுக்கு, மேளத்துக்கு. சாமி எந்தத் தெருவால் வரவேண்டும் என்பதற்கு உபயம் வாங்குவதில்லையே. உங்களுக்கும் அதேதான். அவரிடம் போய், “அண்ணே, பகல் சாப்பாடு உங்கள் உபயமாக இருக்கட்டும், பெயரைப் பந்தி வாசலில் எழுதுகிறோம்” என்று கேளுங்கள். மகன் போட்டியில் இருக்கும்போது விருதில் அப்பாவின் கடைப் பெயர் இருந்தால், அந்தப் பையன் நியாயமாகவே ஜெயித்தாலும் ஊர் நம்பாது. அவனுக்கும் அது பாவம்.

மீதியைச் சிறு காசாகச் சேருங்கள். நூறு பேரிடம் 300 வாங்கினால் 30,000. தோட்டத்தில் காமன் கூத்து நடப்பதே வீட்டுக்கு வீடு கொடுக்கிற காசில்தான். விளையாட்டை அனுப்புகிறவர்களிடம் மட்டும் கட்டணம் கேட்காதீர்கள். 500 ரூபாய் என்றாலே தோட்டத்து லய வீட்டுப் பிள்ளை பின்வாங்கிவிடும். கணக்கை முடிந்த கிழமையே மட்டையில் எழுதி ஒட்டுங்கள், மிச்சம் 40 ரூபாய் என்றாலும் எழுதுங்கள். நாங்கள் ஒரு வருடம் தாமதித்து ஒட்டினோம், அடுத்த வருடம் வசூல் பாதியாகிவிட்டது.

கொட்டகலையான், இப்போது டோர்ட்மண்ட்

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். இங்கே நடக்கிறதையும் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ‘ஆண்டின் விளையாட்டு’, என்ற விருதை 1979 முதல் கொடுக்கிறார்கள். முதல் வருடம் வென்றது ஓர் ஆங்கிலேயர் செய்தது, ஜெர்மன் பெயர் ‘முயலும் முள்ளெலியும்’. விளையாட்டு விமர்சனம் எழுதுகிறவர்கள்தான் நடுவர்கள். வென்றவருக்குப் பணப்பரிசு கிடையாது. வென்ற பெட்டியில் விருதின் சிவப்புக் காய் முத்திரையை அச்சடிக்க நிறுவனம் கட்டணம் கட்டுகிறது, அந்தக் காசில் அமைப்பு நடக்கிறது. தீர்ப்புக்குப் பிறகு காசு வருவதால் தீர்ப்பை அது தொடாது. ஆனால் நமக்கு இது சரிவராது, ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றால்தான் முத்திரைக்கு விலை.

உங்களுக்குப் பொருந்துவது அமெரிக்காவின் ‘என்னீஸ்’. கதாபாத்திரமாக நடித்து விளையாடும் விளையாட்டுகளுக்கு ரசிகர்களே 2001-இல் தொடங்கியது. ஐந்து நடுவர்களைப் பொதுமக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள், நடுவர்கள் வந்ததையெல்லாம் பார்த்துச் சிலவற்றை முன்மொழிகிறார்கள், கடைசியில் பொதுமக்கள் வாக்கு. லைக் எண்ணும் தொல்லைக்கு இது பாதி மருந்து. அப்புறம், சிறந்த வரைபடத்துக்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு. உங்கள் ரயில்காரரை நினைத்துக்கொண்டேன்.

நான் 15,000 அனுப்புகிறேன், பெயர் வேண்டாம். அதைத் தூரத்துப் பிள்ளைகளின் பஸ் காசுக்கு வையுங்கள்.

தலவாக்கலை அச்சுக்கூடம்

கேடயத்துக்கு வருடா வருடம் ஏன் செலவழிக்கிறீர்கள்? ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட்டில் கொடுக்கிற மாதிரி ஒரு சுழற்கேடயம் போதும், வென்றவர் பெயரைச் சின்னப் பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டலாம். சான்றிதழ் நான் அடித்துத் தருகிறேன், தாள் விலை மட்டும் கொடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் அடிப்போம்.

சனிக்கிழமை மேசை, ஹட்டன்

அக்கா, அண்ணாமார், மிகவும் நன்றி. நேற்றுக் கடைக்காரரிடம் போனேன். அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், மகனிடம் மட்டும் இதைச் சொல்லாதே” என்றார். எனக்குப் பெரிய நிம்மதி.

நடுவர்கள் ஐந்து பேர். போட்டியில் இருப்பவர்களின் வீட்டார் நடுவராக முடியாது. ஒவ்வொரு விளையாட்டையும் ஐவரும் மூன்று தரமாவது விளையாடி, நான்கைத் தெரிவு செய்வார்கள். வாக்கு அன்றைக்கு மண்டபத்தில் மட்டும், அதுவும் அந்த நான்கையும் விளையாடியவர்களுக்குத்தான் சீட்டு. பெரிய விருது ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று, தமிழில் விதியைத் தெளிவாக எழுதியதற்கு ஒன்று. மூன்றாவதை நான் விடமாட்டேன். விதி புரியாமல் பாதியில் வைத்த விளையாட்டுகள் எங்கள் அலுமாரியில் நிறைய உண்டு.

நாள்தான் இன்னும் முடிவாகவில்லை. டிசம்பரிலிருந்து மே வரைக்கும் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன், சனி ஞாயிறில் ஹட்டனில் பஸ்ஸில் ஏற முடியாது. அதற்குப் பிறகு இங்கே அடைமழை, அட்டைப் பெட்டியெல்லாம் ஊறிவிடும்.

பண்டாரவளைக் காற்று

அப்படியென்றால் ஆகஸ்ட்டில் எங்கள் பக்கம் வாருங்கள் தம்பி. அப்போது இங்கே கச்சான் காற்றுதான், மழை இல்லை. கோயில் மண்டபத்துக்கு நான் கேட்கிறேன். சீட்டுகள் பறக்காமல் இருக்க ஆளுக்கு நாலு கூழாங்கல் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள்.